முழுக வைத்த படகு

கார்டன் ரீச் ஆற்றுப் படித்துறையில் ஆபீஸின் மரப்படகு விளிம்புவரை தண்ணீரில் முழுகிக் கிடந்தது. பாலிகஞ்சிலிருந்து பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வீரராகவன் பார்க்க வந்தது இந்த அழகைத்தானா?

அவர் புது ஆபீசர். பதவியேற்று ஒரு வாரம். படகு என்றால் மிதக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். படகோட்டி கலியன் சாப்பிடப் போயிருந்தான். அவசரத்துக்கென்று ஓர் இலாகா இருந்தால் அதற்கு வீரராகவனைத்தான் தலைவராகப் போட வேண்டும். நேரே ஆபீஸுக்குப் போய், 'பராமரிப்பின்றிப் படகு மூழ்கிவிட்டது. ஏலம் விடலாம், படகோட்டி வேலையையும் எடுத்துவிடலாம்' என்று டைப் அடித்துத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மறுபடி வந்தபோது கலியன் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, படகை முழுக விட்டுட்டு இப்போ இறைச்சு என்ன பிரயோஜனம்?"

"நான்தான் சார் முழுக வச்சேன். வருஷா வருஷம் செய்யுறதுதான். ரெண்டு மாசம் கரையில கெடந்துச்சு. ஈரச் சாக்கு போத்தியும் வெயில்ல பலகை சுருங்கி இடுக்கு விட்டுருச்சு. அப்படியே எறக்குனா ஒழுகும். மூணு நாள் தண்ணி குடிச்சா ஊதித் தானா சேந்துக்கும். ஏறிப் பாருங்க சார்."

வீரராகவன் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஏறினார். நடு ஆறுவரை போனார்கள். அடிப்பலகையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. கேட்கக் கேட்கக் கலியன் சொன்னான்: மழைக்காலத்தில் தினம் இரண்டு வேளை இறைப்பது, விஸ்வகர்மா பூஜைக்கு முன்னால் ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்ப்பது, குளிரில் கரையேற்றி அடியைச் சுரண்டி, இடுக்கில் பஞ்சடைத்துத் தார்போன்ற கீல் பூசுவது. பதினொரு வருஷத்தில் ஒரு பலகைகூட மாற்றவில்லையாம். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்கொள்வார்களா என்று வீரராகவன் மலைத்துப்போனார். எழுதி அனுப்பியதை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

கரையேறியதும் டாக்ஸி பிடித்துத் தலைமை ஆபீஸுக்குப் போனார். அங்கே பெரிய ஆபீசர் மஹாதேவன் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார்.

"சார், அதைத் திருப்பிக் குடுத்துடுங்கோ. தப்பா எழுதிட்டேன்."

"ஏன், படகு மூழ்கலையா?"

"மூழ்கித்து சார். அதனாலதான் இப்போ நன்னாருக்கு."

மஹாதேவன் கண்ணாடியைக் கழற்றினார். "ஃபைல்ல ஏறிப்போன காகிதம். திருப்பினா காரணம் வேணுமே, என்னன்னு எழுதறது?"

"ஆபீசருக்குப் படகைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு எழுதுங்கோ. கீழே நானே கையெழுத்துப் போடறேன்."