காப்பு கட்டிய கை

கைலாசம் ஓடினார்.

அண்ணாமலையார் கோயில் குருக்கள் ஒருவர், வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, கக்கத்தில் இரண்டு வாரப் பத்திரிகைகளை இடுக்கிக்கொண்டு, பட்டப்பகலில் வேங்கிக்கால் சாலையில் தலைதெறிக்க ஓடுவதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. வேலூர் பஸ் அவரை உரசிக்கொண்டு போனது. டிரைவர் தலையை நீட்டி என்னவோ கேட்டார். பதில் சொல்ல மூச்சு இல்லை.

ஜட்கா பிடித்திருக்கலாம். ஆனால் ராஜகோபுரத்தின் எதிரே ஒரு வண்டிகூட நிற்கவில்லை. வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் சாவு வீட்டில் இருந்தார்கள். விடியற்காலையில் செத்துப்போன ஆதிமூலம் அவர்களுக்கெல்லாம் மூத்த ஜட்காக்காரர்.

பாடையைத் தூக்குவதற்குள் போயாக வேண்டும். அந்த முகத்துக்கு முன்னால் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கைலாசத்துக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அவருக்கு நாற்பது வயது, ஆதிமூலத்துக்கு அறுபத்தைந்து. பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறியதில்லை. உச்சிக்கால பூஜை முடிந்ததும் கைலாசம் ஜட்காவில் ஏறி உட்கார்ந்து, அந்த வாரத்துத் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஆதிமூலம், குதிரைக்குப் புல்லைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார்.

"அந்த டாக்டரு மேல ஒரு கண்ணு வெய்யி ஐயரே. சிரிச்சிச் சிரிச்சிப் பேசறான். அவந்தான் கொன்னிருப்பான்."

"போன கதையிலயும் டாக்டர்தான்னேள், பெரியவரே. கடைசில அவன்தான் செத்தான்."

"அப்ப இந்தக் கதையில வசமா மாட்டுவான், பாரு."

கதை முடிய இரண்டே வாரம் பாக்கி இருந்தபோது ஆதிமூலம் படுத்தார். சயரோகம் என்றார்கள். கொடியேற்றத்துக்கு முதல் நாள் அவருடைய மச்சான் அர்ஜுனன் கோயில் வாசலுக்கே வந்து நின்றான். "மாமா ஒங்களப் பாக்கணுங்கறாரு. கதை மிச்சத்தப் படிச்சிக் காட்டணுமாம்."

"நாளைக்குக் கொடியேத்தம்ப்பா. என் கையில காப்பு கட்டப்போறா. அவிழ்த்ததும் ஓடி வந்துடறேன்னு சொல்லு."

அது ஊரறிந்த கட்டுப்பாடு. தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறும் நாளில், அந்த வருஷம் யார் முறையோ அந்தக் குருக்கள் கையில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நோயாளி வீட்டிலும் சாவு வீட்டிலும் கால் வைக்கக் கூடாது. அர்ஜுனன் மறுபேச்சுப் பேசாமல் போனான்.

காப்பை இன்று காலையில்தான் அவிழ்த்தார்கள். பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கும்போதே சேதி வந்துவிட்டது.

பறைச் சத்தம் கேட்டது. பந்தலில் பாடை தயாராக இருந்தது. பெண்கள் வாய்க்கரிசி போட்டு முடித்திருந்தார்கள். கைலாசம் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். முதலில் பார்த்தது அர்ஜுனன்.

"வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

"சும்மா இருடா." ஆதிமூலத்தின் சம்சாரம் வெள்ளையம்மாள் எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "காப்பு கட்டின மனுசன் எப்பிடிடா வருவாரு? ஒம் மாமாவே அதத்தான் சொன்னாரு. யாரும் ஐயர ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னாரு."

கைலாசம் கக்கத்திலிருந்த பத்திரிகைகளைக் கையில் எடுத்தார்.

"தெனம் கேப்பாரு சாமி, காப்பு அவுக்க இன்னும் எத்தினி நாளுன்னு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு தானே வந்து படிக்கறேன்னாரு. வேணாம்னுட்டாரு. ஐயரு படிச்சாத்தான் கொலைகாரன் மாட்டுவான்னாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியைக் காட்டினாள். "அத்தப் பாருங்க. ஒங்களுக்குன்னு அவரு போடச் சொன்னது."

மரத்தடியில் ஒரு முக்காலி கிடந்தது. வாசலில் கிடந்த ஆதிமூலத்தின் கட்டிலிலிருந்து பத்து முழத் தூரம் இருக்கும். மேலே ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது.

"எதுக்கும்மா அவ்வளவு தூரத்துல?" என்று கேட்டார், பதில் தெரிந்திருந்தும்.

"புள்ளகுட்டிக்காரரு, என் இருமல் அவரு மேல படக் கூடாது, எட்டப் போடுன்னாரு. காத்து அந்தப் பக்கம் அடிச்சா இந்தப் பக்கம் மாத்திப் போடச் சொல்லுவாரு. நேத்து சாயங்காலம்கூட மாத்திப் போட்டேன். உக்காருங்க சாமி. ஓடி வந்திருக்கீங்க."

கைலாசம் உட்காரவில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கண்ணுக்குள் வந்தது. ஜட்காவில் ஆதிமூலம் இருமி இருமித் துண்டால் வாயைத் துடைத்தார். துண்டில் சிவப்பு. கைலாசம் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார். ஆதிமூலம் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பாடையின் அருகே போனார். பத்திரிகைகளை ஆதிமூலத்தின் தலைமாட்டில் வைத்தார். கைலாசமே இன்னும் அவற்றைப் பிரிக்கவில்லை.

"நேரமாச்சி," என்றான் அர்ஜுனன். இப்போது குரலில் சூடு இல்லை. "ஒரு ஓரமா நில்லுங்க சாமி, தூக்கணும். அக்கா சொல்றதும் நெசந்தான். சாமி காரியம், நீங்க இன்னா பண்ணுவீங்க."

பறை நின்றது. நாலு பேர் குனிந்தார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றார் கைலாசம். மஞ்சள் கறை போகாத மணிக்கட்டை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெள்ளையம்மாளைப் பார்க்க முடியவில்லை. மூடியிருந்த அந்தக் கண்களைப் பார்த்தே சொன்னார்:

"இந்த வருஷம் காப்பு என் முறை இல்லை, பெரியவரே. என் தம்பி சம்பந்தமூர்த்தியோட முறை. அர்ஜுனன் வந்துட்டுப் போனப்பறம், நான்தான் அவன் ஆத்துக்குப் போய், கெஞ்சி, என் கையில கட்டச் சொன்னேன்."