என் பேரில் ஒரு தீப்பெட்டி கம்பெனி

என் புருஷன் மாதவன் என் வலது கையை முறித்தபோது நான் ஹோல்டிங் கம்பெனி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம், சி.ஏ. இறுதித் தேர்வு. பழைய பாடத்திட்டத்துக்கு அந்த மே மாதம்தான் கடைசி. முதல் நாளே அட்வான்ஸ்டு அக்கவுன்டிங். அந்த ஒரு பேப்பரை விட்டால் மொத்தமும் போச்சு, புதுப் புத்தகம் வாங்கி முதலிலிருந்து முட்ட வேண்டும். இன்னொரு தடவை முட்ட அந்த வீட்டில் யார் விடுவார்கள்?

பாடம் இதுதான். ஒரு பெரிய கம்பெனி நாலைந்து சின்ன கம்பெனிகளைத் தன் பிடியில் வைத்திருக்கும். காகிதத்தில் எல்லாம் தனித்தனி. ஆனால் கணக்கு எழுதும்போது அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்ட வேண்டும், தங்களுக்குள்ளேயே விற்று வாங்கியதையெல்லாம் அடித்துவிட வேண்டும். யார் பேரில் இருக்கிறது என்று பார்க்காதே, யார் பிடியில் இருக்கிறது என்று பார் என்கிறது புத்தகம். வெளிநாட்டுக் கிளைக் கணக்கு எனக்கு எப்போதோ வந்துவிட்டது. லண்டன் கிளைக் கட்டடத்துக்கு வாங்கிய அன்றைய பவுண்டு விலை, கையில் இருக்கும் ரொக்கத்துக்கு வருஷக் கடைசி விலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த ஹோல்டிங் கம்பெனிதான் மண்டையில் ஏறாமல் படுத்தியது.

சரி, நம் வீட்டையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் வரைந்தேன். எங்கள் ஊரில் தீப்பெட்டி முதலாளிகள் பலர் செய்வதுதான். சின்ன யூனிட்டுக்கு வரி குறைவு என்பதால் ஒரே தொழிலை ஐந்தாக வெட்டி ஆளுக்கொரு பேரில் பதிவு செய்துவிடுவார்கள். எங்களுக்கும் ஐந்து. என் மாமியாரான வெயிலம்மாள் அத்தை பேரில் ஒன்று, நாத்தனார் பேரில் ஒன்று, அவள் மகள் பேரில் ஒன்று, கணக்குப்பிள்ளை பெண்டாட்டி பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று. நாலு யூனிட்டிலும் கட்டைகளில் குச்சி அடுக்கி என் யூனிட்டுக்கு அனுப்புவார்கள். குச்சி நுனியில் தீ மருந்து முக்குவது என்னுடையதில் மட்டும்தான். மருந்து வாங்கும் லைசென்சும் என் பேரில்தான். மாதவன் பேர் எந்தக் காகிதத்திலும் கிடையாது, கூலியாளாகக்கூடக் கிடையாது. ஒரே ஆள் நடத்துகிறான் என்று எக்சைஸ் வரிக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே. பேர் எங்களுக்கு, அதிகாரம் அவருக்கு.

ஐந்து கட்டங்களையும் வரைந்து, உச்சியில் பெரிய கட்டம் போட்டு அதில் 'மாதவன்' என்று எழுதினேன். எழுதியதும் பாடம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து அவர் செக் புக்கோடு உள்ளே வந்தார்.

"ஏட்டி, கையெழுத்தப் போடு. மருந்துக்குப் பணம் அனுப்பணும்."

"இந்தக் கணக்க முடிச்சிட்டுப் போடுதேனே."

அவர் தாளைப் பார்த்தார். முகம் கறுத்தது. "எம் பேர எதுக்குட்டி மேல எழுதியிருக்க? எவன்ட்ட காட்டப் போற?"

"யார்ட்டயும் காட்டல. பாடந்தான்."

"பாடமா? குடும்பத்த உள்ள தள்ளுத பாடமா?"

தாளைக் கிழித்து வாயில் திணித்தார். நான் துப்பினேன். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். மூலையில் குச்சி அடுக்கும் கட்டை ஒன்று கிடந்தது, நல்ல கனமான மரம். அதை எடுத்து ஓங்கினார். தலையைக் காக்கக் கையைத் தூக்கினேன். மணிக்கட்டுக்கு மேலே சடக்கென்று சத்தம் கேட்டது. அதோடு விடவில்லை, விழுந்தவளை விலாவிலும் இடுப்பிலும் மிதித்தார். அத்தை ஓடி வந்தாள். வந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள், தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று. அவளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கட்டுப் போட்டு வந்த பிறகுதான் அந்த மகாராசனுக்கு விஷயம் உறைத்தது. செக்கில் கையெழுத்துப் போட வேண்டியது என் கை. மருந்துக்கு விண்ணப்பம் போட வேண்டியதும் அதே கை. முறிப்பதற்கு இவருக்கு வேறு கையே கிடைக்கவில்லை. ரெண்டு நாளில் மருந்து தீர்ந்தது. முக்க வழியில்லாமல் மற்ற நாலு யூனிட்டிலும் அடுக்கிய கட்டைகள் மலையாகக் குவிந்தன. என் இடது கைப் பெருவிரலை மையில் அழுத்திச் செக்கில் உருட்டிப் பார்த்தார். பேங்கில் அதை ஏற்கவில்லை. கணக்குக்காரி நேரில் வந்து, மேனேஜர் முன்னால், தன் சம்மதத்தோடு ரேகை வைத்தால்தான் செல்லும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பரீட்சை எழுதிட்டு வந்து வைக்கேன்" என்றேன். கன்னத்தில் விழுந்தது. மறுநாளும் அதையே சொன்னேன். வயிற்றில் விழுந்தது. அடிக்க அடிக்க எனக்கு வீம்புதான் ஏறியது. முன்பு நான் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீசில் சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டுக்கு ஃபேக்ஸ் அடித்து, நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிக் கொடுத்தார்கள். ஜெயஷீலா என்று மதுரையில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பரீட்சை, ஒரு மணிக்கே ஹால் வாசலில் நிற்கிறேன் அக்கா என்று போனில் சொன்னாள்.

பரீட்சையன்று காலையில் யாருக்கும் தெரியாமல் கிளம்பி மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி கிளம்புகிற நேரம் மாதவன் ஏறினார். சடையைப் பிடித்து இழுத்தார். படியில் உருண்டு தரையில் விழுந்தேன், முறிந்த கை அடியில் மாட்டியது. கண்டக்டர் "அண்ணாச்சி, பொம்பளையப் போட்டு..." என்று இறங்கினார். "எம் பொண்டாட்டிடா, நீ விசில ஊது" என்றார் இவர். பஸ் போய்விட்டது. என்னை ஆட்டோவில் தள்ளி நேராகப் பேங்குக்குக் கொண்டுபோனார்.

மேனேஜர் என் உதட்டு ரத்தத்தையும் கைக்கட்டையும் பார்த்தார். "சம்மதத்தோட ரேகை வைக்கீங்களாம்மா?"

"இல்ல சார். மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதணும். இவர் விட மாட்டேங்காரு."

"அவ கெடக்கா, நீங்க மைப் பேட எடுங்க சார்" என்றார் மாதவன்.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "இந்தக் கம்பெனிக்கு நீங்க யாரு?"

மாதவன் வாயைத் திறந்தார், மூடினார். முதலாளி என்று சொன்னால் ஐந்தும் ஒன்றென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மேனேஜர் என்று சொல்லக்கூட எங்கேயும் பேர் இல்லை. ஊரையே உருட்டி மிரட்டுகிற ஆள் பேச்சில்லாமல் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அந்தச் சிரிப்புக்குத்தான் அடித்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதென்றும் பார்க்காமல் முறிந்த கையைப் பிடித்துத் திருகினார். கண் இருட்டியது. இடது கையில் அகப்பட்ட பஞ்சிங் மெஷினை எடுத்து அவர் மூஞ்சியில் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் செக் மேல் கொட்டியது. இன்னொரு தடவையும் அடித்தேன். பொய் சொல்வானேன், நிம்மதியாக இருந்தது. அவர் என்னை நாற்காலியோடு எட்டி உதைத்தார். வாட்ச்மேனும் கேஷியரும் சேர்ந்து அவரை வெளியே இழுத்துப் போனார்கள்.

முகத்தில் தண்ணீர் தெளித்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நன்றாகக் கண் தெரிந்தபோது எதிர்ச்சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தாண்டியிருந்தது. மதுரைக்கு ரெண்டு மணி நேர வழி, இனி ஏரோப்பிளேனில் போனாலும் முடியாது. ரெண்டு அடிக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள், அந்தப் பிள்ளை வாசலில் என்னைத் தேடிக்கொண்டிருக்கும் என்று நினைத்ததும் அழுகை பொங்கிவிட்டது. ஒரு வருஷம் கண் விழித்துப் படித்த படிப்பு. பாவி, பாவி என்று வாய்விட்டே அழுதேன். மேனேஜர் போலீசுக்குப் போன் போடவா என்று கேட்டார். எக்சைஸ் ஆபீசுக்கு எந்தப் பக்கம் போகணும் சார் என்று கேட்டேன்.

எக்சைஸ் சூப்பிரண்டு சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். என் கோலத்தைப் பார்த்துப் பதறி எழுந்தார். ஐந்து யூனிட்டின் பேரையும் சொன்னேன். "அஞ்சும் ஒண்ணு சார். எது எது யார் பேர்ல இருக்கு, எங்க முக்குதோம், சம்பளம் யாரு போடுதா, எல்லாம் சொல்லுதேன்."

"ஒரு யூனிட் ஒங்க பேர்ல இருக்கும்மா. கேசுன்னு வந்தா மொதல்ல நீங்கதான் மாட்டுவீங்க."

"தெரியும் சார். மாட்டுதேன்."

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் நகர்த்தினார். "அப்ப எழுதிக் குடுங்க."

நான் கைக்கட்டைத் தூக்கி மேஜை மேல் வைத்தேன்.

"நான் சொல்லுதேன் சார். நீங்க எழுதுங்க."