பிரேக் மாஸ்டரின் மூன்று பைகள்

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள்தான். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் பிரேக் மாஸ்டர் என்று பெயர். இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர், மூன்று மாதமாக சோபாவை விட்டு எழவில்லை.

நோய் வந்த பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியைத் தொப்புளுக்கு வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஸ்டோமா என்றார்கள். கழிவு அதன் வழியாக, வயிற்றில் ஒட்டிய பைக்குள் வந்துவிடும். உடம்பு தேறிவிட்டது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் பை அடிக்கடி ஓரத்தில் கசிந்தது.

"சிக்னல்ல நிக்கும்போது கசிஞ்சா? கத்துக்க வந்தவங்க கதவைத் திறந்துட்டு ஓடிடுவாங்க" என்பார்.

ஒரு நாள் மனைவி அவரை விடாப்பிடியாக ஸ்டோமா நர்ஸிடம் இழுத்துப் போனாள். நர்ஸ், வட்ட வட்டமாகத் துளை போட்ட ஓர் அட்டையை வைத்து அளந்து பார்த்தார்.

"சார், பையில எந்த அளவுக்கு ஓட்டை வெட்டுறீங்க?"

"ஆபரேஷன் ஆனப்போ வரைஞ்சு கொடுத்தீங்களே, அதே அளவுதான்."

"அது வீங்கியிருந்தப்போ எடுத்த அளவு. இப்ப சுருங்கிடுச்சு. ஓட்டை பெருசா இருந்தா சுத்தித் தோல் தெரியும். கசியும், எரியும்."

பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார். உட்கார்ந்ததும் ஸ்டோமாவை ஒட்டி வயிற்றில் ஒரு மடிப்பு விழுந்தது. என்ன வேலை, எந்த இருக்கை, சீட் பெல்ட்டின் கொக்கி எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, மூன்று வகைப் பைகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுல எது நல்லதுங்க?" என்று கேட்டாள் மனைவி.

"மூணும் நல்லதுதான். சாரோட வயித்துக்கும் வேலைக்கும் எது ஒத்துவருதுன்னு பாக்கணும். ஒவ்வொண்ணும் மூணு நாள். சோபால உக்காந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கார்ல உக்காந்து, பெல்ட் போட்டு, யாரையாவது ஓட்டச் சொல்லிப் பாருங்க. மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதும் காலி பண்ணிடுங்க."

வெளியே வந்ததும், "யாரை ஓட்டச் சொல்றது?" என்றார் அவர்.

வீடு வந்ததும் மனைவி பயிற்சிக் காரின் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க இரண்டு முறை ஆரம்பித்திருந்தார். இரண்டும் சண்டையில் முடிந்தன. ஊருக்கெல்லாம் பொறுமை, எனக்கு மட்டும் கத்தலா என்பது அவளுடைய கேள்வி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வண்டி பிடிக்கத் தெருவில் நின்று நின்று ரோஷம் வந்து, யாரிடமும் சொல்லாமல் பழகுநர் உரிமம் வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு கிடங்குக்குப் பின்னால் காலி மைதானம். தினமும் காலையில் அங்கே போனார்கள்.

முதல் பை இரண்டு துண்டாக இருந்தது. வயிற்றில் ஒட்டும் தட்டில் ஒரு வளையம். அதில் பையைப் பொருத்த வேண்டும். அவள் கிளட்ச்சை விட்டதும் கார் ஒரு குதி குதித்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். பெல்ட் இறுகி வளையத்தில் விழுந்தது.

"நிறுத்து, நிறுத்து!"

"நிறுத்தத்தானே மிதிச்சேன்!"

"பை கழண்டுடுச்சு."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அவள் டவலை எடுத்து நீட்டினாள். "சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காதீங்கன்னு சொன்னப்போ என்னைக் கஞ்சப்பிசினாறின்னீங்க. இப்ப சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

இரண்டாவது பை ஒரே துண்டு, தட்டையானது. துணி மாதிரி மெத்தென்று இருந்தது. இரண்டு நாள் அது இருப்பதையே மறந்து, "கியரைப் பாக்காதே, ரோட்டைப் பாரு" என்று தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாம் நாள், அவள் கால் கிளட்ச்சில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோது மடிப்பு வழியாக ஈரம் தட்டியது.

"இதுவும் பெயில்" என்றார். இந்த முறை முகம் சுருங்கவில்லை.

மூன்றாவதும் ஒரே துண்டுதான். ஆனால் ஒட்டும் பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பு மடிப்பை அமுக்கிச் சமமாக்கியது. முதல் நாள் கசியவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. கார் கிறீச்சிட்டு நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து முன்னால் போய் விழுந்தது. முதலில் கையை வயிற்றில்தான் வைத்தார். காய்ந்து கிடந்தது. பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது அவர் பக்கத்து பிரேக் மேல் போகவே இல்லை.

"நீயா பிரேக் போட்டே?"

"பின்ன, நாயா போட்டுச்சு?"

அன்றே நர்ஸுக்குப் போன் செய்து மூன்றாவது வகையில் ஒரு பெட்டி சொல்லிவைத்தார்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனார். முதல் மாணவர் ஒரு பல் டாக்டர்; ஸ்டீயரிங்கைப் பல் பிடுங்கும் குறடு மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். பாதி வழியில் மாஸ்டரின் சட்டைக்குள்ளிருந்து புர்ர்ரென்று ஒரு சத்தம்.

"சார், வண்டில ஏதோ சத்தம் வருது" என்றார் டாக்டர் பயந்துபோய்.

"வண்டி இல்லீங்க, நான்தான். ஆபரேஷன் பண்ண வயிறு, அப்படித்தான் பேசும். நீங்க மூணாவது கியர் போடுங்க."

டாக்டர் போட்டார். முதல் முறையாக, சத்தமில்லாமல் விழுந்தது.