மூன்றாம் மாடி நாயின் ஒழுக்கம்

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி, ஆனால் இடையில் எழும்பிய இன்னொரு கட்டடத்தால் கடலைக் காணாமல் நிற்கும் எட்டு மாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவானது, நாய்களின் ஒழுக்கம் பற்றி மனிதகுலம் இதுவரை எட்டாத ஒரு முடிவை எட்டும் பொருட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூன்றாம் மாடியில் கூடும்.

அறிவித்தலை எழுதியவர் செயலாளர் நமசிவாயம். நாயும் அவருடையதுதான்.

ஜிம்மி என்ற அந்த நாய்க்கு ஒரேயொரு குறை. வீட்டு வாசலுக்கு எதிரே லிஃப்ட் கதவு திறந்தால் குரைக்கும். யார் வந்தாலும் குரைக்கும்; ஒருவரும் வராமல் கதவு சும்மா திறந்து மூடினாலும் குரைக்கும். ஐந்தாம் மாடிக்காரரும் குழுத் தலைவருமான கொன்ஸ்ரன்ரைன், கொட்டாஞ்சேனையில் ஐம்பது வருடம் கப்பல் சங்குகளுக்கு நடுவே நிம்மதியாக உறங்கியவர், இந்தச் சத்தத்தில் தமக்கு நெஞ்சு படபடப்பதாக எழுத்தில் முறையிட்டார். வெள்ளியன்று குழுவின் கண்முன்னே லிஃப்ட் திறக்கும்போது நாய் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு வாரத்துக்குள் கட்டடத்தை விட்டுப் போக வேண்டும். போவதென்றால் இரத்மலானையில் நமசிவாயத்தின் மனைவி கௌரியின் ஒன்றுவிட்ட தம்பி வீடு. அங்கே ஏற்கெனவே இரண்டு நாய்கள் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தன.

நமசிவாயம் கலங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கல்வித் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். அதற்கு முன் பிரம்போடு வகுப்பறையில் நின்றவர்.

"என்ர கையால அடி வாங்கினவன் இண்டைக்கு லண்டனில டொக்டர்," என்றார்.

"வாங்காட்டிலும் போயிருப்பான்," என்றாள் கௌரி.

வங்கியில் வேலை பார்க்கும் மகள் மிதுனா, போனில் வீடியோக்கள் பார்த்து நாய்ப் பயிற்சியில் தேறியிருந்தாள். "அப்பா, இப்ப ஒருத்தரும் நாயை அடிக்கிறேல்ல. குலைக்காம இருந்தா ஒரு துண்டு கோழி குடுக்கவேணும். அவ்வளவுதான்."

"அது லஞ்சம், பிள்ளை."

"அதுதான் வேலை செய்யும்."

"இந்த நாட்டில நாய்க்குமோ!"

கடைசியில் நாட்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். திங்களும் செவ்வாயும் தகப்பனுக்கு. புதனும் வியாழனும் மகளுக்கு.

திங்களன்று லிஃப்ட் திறந்தது, ஜிம்மி குரைத்தது, சுருட்டிய பேப்பர் அதன் முதுகில் ஒரு தரம் விழுந்தது. பலமாக ஒன்றும் இல்லை. ஜிம்மி அவரை அண்ணாந்து பார்த்தது. பிறகு நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. செவ்வாயன்று அது குரைக்கவேயில்லை. சோபா செற்றிக்குக் கீழே போனது வெளியில் வரவும் இல்லை. நமசிவாயம் வெற்றியை அறிவித்தார். புதன் காலை பேப்பர் படிக்க உட்கார்ந்தபோது, ஆறு வருடமாக வந்து அவரது இடது பாதத்தில் நாடியைப் பதித்துப் படுத்துக்கொள்ளும் அந்த நாய் வரவில்லை. இரண்டு தரம் காலை நீட்டிப் பார்த்தார். கால் குளிர்வதாகக் கௌரியிடம் சொன்னார். கொழும்பில், ஏப்ரல் மாதத்தில்.

அவித்த கோழித் துண்டுகளோடு மிதுனா பொறுப்பேற்றாள். வியாழன் மாலைக்குள் ஜிம்மி லிஃப்டுக்கு எதிரே மாணவத் தலைவன் போல நிமிர்ந்து உட்காரப் பழகியிருந்தது. இரத்மலானையின் பேச்சே அடங்கிவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கௌரி கறிச்சட்டிகளைக் கழுவி, ஃபிரிஜ்ஜைத் துடைத்து, மிச்சக் கோழியையும் அப்புறப்படுத்தினாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்கியதில்லை. நாய்க்கும் அன்று பால்சோறுதான். தலைவருக்குச் சனி கலியாணவீடு, ஞாயிறு தேவாலயத்தில் பூசை. ஆகவே வெள்ளிக்கிழமைக்குப் பெருந்தன்மையோடு இணங்கிக் கையெழுத்து வைத்தவர் நமசிவாயமேதான்.

கௌரி ஓர் உளுந்து வடையை நீட்டிப் பார்த்தாள். ஜிம்மி மோந்துவிட்டு, வேறு ஏதும் இருக்கிறதா என்று அவளுடைய மற்றக் கையைப் பார்த்தது.

"நான் வெளியில வச்சுக் கோழி குடுக்கட்டே?" என்று மிதுனா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமையிலயோ! நாய்க்காக ஆசாரத்தை விடேலாது," என்றார் நமசிவாயம், சாமியறைக்கும் கேட்கும்படி. "பிரம்பு இருக்கு. நான் பாத்துக்கொள்ளுறன்."

மறுநாள் நாலு மணிக்குக் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு காலி வீதிச் சாப்பாட்டுக் கடையொன்றின் முன் நின்றார். இரு பக்கமும் பார்த்தார்.

"மல்லி, சிக்கன் ரோல்ஸ் எகக் தென்ன," என்று தாழ்ந்த குரலில் ஒரு கோழி ரோல்ஸ் கேட்டார்.

கடைக்காரர் விபூதியைப் பார்த்தார். நாய்க்கு என்று நமசிவாயம் சிங்களத்தில் விளக்கினார். அன்று முழுவதும் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். கடைக்காரர் அதை நம்பவில்லை.

ஐந்து மணிக்கு லிஃப்ட் திறந்தது. கொன்ஸ்ரன்ரைனும் பொருளாளர் நளீபாவும் இரண்டு உறுப்பினர்களும் உள்ளே நெருங்கி நின்றார்கள். எதிரே நமசிவாயம், வலது கையில் பிரம்போடு. ஜிம்மி பிரம்பைப் பார்க்கவில்லை. லிஃப்டையும் பார்க்கவில்லை. அவருடைய வேட்டி மடியையே பார்த்தபடி, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. தலைவர் கதவை மூன்று தரம் மூடித் திறந்தார். ஒரு முனகல்கூட இல்லை.

"எப்பிடி சேர் செஞ்சீங்க?"

"ஒழுக்கம், சேர்மன். கண்டிப்பு இருந்தா மிருகமும் திருந்தும்."

"எனக்கெண்டா அது குலைச்சாலும் ஒண்டுமில்ல," என்றார் நளீபா. "கிட்ட வராட்டிச் சரி." இதை யாரும் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

எழுதப்பட்டது இதுதான்: மூன்றாம் மாடி நாய் குரைக்காது எனக் குழு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது, அது இங்கேயே தொடர்ந்து வசிக்கலாம், செயலாளரின் பிரம்பு முறை ஏனைய வீடுகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. தலைவர் கையெழுத்திட்டார். செயலாளரும் கையெழுத்திட்டார், மடியை முழங்கையால் அமர்த்திக்கொண்டு.

குழு போனதும் கௌரி வாசலுக்கு வந்தாள். "இஞ்சேருங்கோ, உங்கட ஒழுக்கம் வேட்டியில எண்ணெய் விட்டிருக்கு."

நமசிவாயம் குனிந்து பார்த்தார். வாதாட இடமில்லை. ரோல்ஸை எடுத்து இரண்டாக உடைத்தார்.

"உள்ளுக்குக் கொண்டு வராதேங்கோ. அதில வச்சுக் குடுத்திட்டு, நேரா குளிக்கப் போங்கோ."

"குழு ஏத்துக்கொண்டிட்டுது, கௌரி. இனி ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது."

"ஓம், ஓம். போய்க் குளியுங்கோ."

சனிக்கிழமை காலை ஆறரைக்கு லிஃப்ட் திறந்தது. ஜிம்மி குரைத்தது.