ஆதர்ஷ் – லாஸ்யா கல்யாணத்துப் பை

வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்குச் சோமனூர் மண்டபத்தில் என் தம்பி அருண்குமாருக்கு இணைச்சீர். மறுநாள் காலையில் முகூர்த்தம். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் அவனுடன் பிறந்தவளும் கூறைப்புடவையின் தலைப்பை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் இணைச்சீர். அதே புடவையை உடுத்தித்தான் மறுநாள் மணப்பெண் தாலி வாங்கிக்கொள்வாள். குலதெய்வத்தின் காலடியில் வைத்து எடுத்த புடவை அது. அதற்குப் பதில் வேறொன்று என்ற பேச்சே கிடையாது.

தலைப்பில் குச்சம் கட்டுவதற்காகக் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கொடுத்திருந்தோம். பிடித்து நிற்கப்போகிறவள் நான் என்பதால் அன்று மதியம் போய் வாங்கிவரும் பொறுப்பும் என்னுடையதாயிற்று. துணைக்குச் சாந்தாமணி அத்தை வந்தார். அப்பாவின் தங்கை.

"பட்டுக்கடைப் பையோட ரோட்டுல நடந்தா எல்லாத்து கண்ணும் அதும்மேலதான் இருக்கும் நித்யா. இதுல வை" என்று கைப்பையிலிருந்து ஒரு தாம்பூலப் பையை உதறி எடுத்தார். மஞ்சள் துணி. சிவப்பு எழுத்தில் 'ஆதர்ஷ் – லாஸ்யா'. மார்ச் மாதம் நடந்த கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணங்களில் வாங்கிய பைகள்தான் வருஷம் முழுக்கச் சந்தைக்கும் கடைக்கும் போகும்.

அதோடு நேராக ஊர் திரும்பியிருக்க வேண்டும். வழியில் இருந்த மாலின் முகப்பில் எழுபது சதவீதம் வரை தள்ளுபடி என்று கட்டியிருந்தார்கள். இணைச்சீருக்கு நான் உடுத்த வைத்திருந்த சேலை எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அத்தைக்குத் தள்ளுபடி என்றாலே போதும். மணி ஒன்றரை. அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று உள்ளே போனோம்.

வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பவர் யூனுஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். கூறைப்புடவைப் பையைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

"வில்லை குடுக்கறாங்கல்ல, எங்க போயிரும்" என்றார் அத்தை. டோக்கன் எண் நாற்பத்தொன்று.

மூன்றாவது மாடியில் அந்தச் சேலை இருந்தது. மயில் பச்சை. நாலாயிரத்து எண்ணூறை அடித்துவிட்டு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று போட்டிருந்தார்கள். கடைசி உருப்படி. ஐம்பது வயதுக்கு மேலிருந்த ஒரு அம்மா அதைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, விலைச்சீட்டைப் படிக்கக் கண்ணாடி எடுப்பதற்காக மேசைமேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

"ஏனுங்க அம்மணி, அது நான் எடுத்து வெச்சதுங்க."

நான் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அத்தை முந்திக்கொண்டார்.

"கைல இருந்தா உங்குளுது. மேசைல இருந்தா கடைக்காரனுது. கடைக்காரன்கிட்ட நாங்க வாங்கிக்கறோம்."

அந்த அம்மா என்னை மட்டும் பார்த்தார். "கண்ணாடி போடறதுக்குள்ள எடுத்துப்போட்டீங்க. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பில் போடும் இடத்தில் வரிசை நகரவே இல்லை. எங்கள் முறை வந்ததும் அத்தை, "ஒரு நூறு கொறைச்சுப் போடு கண்ணு" என்றார்.

"கம்ப்யூட்டர் கொறைக்காதுங்க பாட்டி."

"பாட்டின்னு சொன்னதுக்கே இருநூறு கொறைக்கோணும்."

வெளியே வந்தபோது இரண்டு ஐம்பத்தைந்து. டோக்கனைக் கொடுத்தோம். மஞ்சள் பை வந்தது. பெயரைப் பார்த்தேன், வாங்கிக்கொண்டேன்.

பஸ் நவஇந்தியா ஸ்டாப்பைத் தாண்டும்போது குச்சத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று பைக்குள் கையை விட்டேன். பட்டு இல்லை. கல் போல ஏதோ உருண்டது. விரித்துப் பார்த்தால் சின்னச் சின்னப் பொட்டலங்களில் கொட்டைப்பாக்கு.

பையை அத்தையின் மடியில் வைத்தேன். பார்த்தவர் எழுந்து நின்று, "எறக்கி விடுங்க கண்டக்டர்" என்றார்.

மூன்று இருபத்தைந்துக்கு மறுபடி யூனுஸ் முன்னால் நின்றோம். அவர் டோக்கன்களைப் புரட்டினார். முகம் மாறியது.

"நாப்பத்தி நாலும் இதே பைதாம்மா. இதே பேரு. பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தேன். நம்பரைப் பாக்காம பேரைப் பாத்துக் குடுத்துட்டேன்மா. அந்தம்மா போயி முக்கா மணி நேரம் ஆச்சு."

தம்பி போன் செய்தான். "அக்கா, எங்க வாரீங்க? கூறையக் கேக்கறாங்க."

"வந்துட்டே இருக்கறோம்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அது.

அத்தை பையையே பார்த்தார். "நித்யா, இந்தப் பை வெச்சிருக்கறவ இந்தக் கல்யாணத்துக்கு வந்தவளாத்தான இருக்கோணும்?"

லாஸ்யாவின் அம்மா லட்சுமியம்மாளும் அத்தையும் பழைய பழக்கம். சோமனூரில் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த தறிக் குடோன். உடனே கூப்பிட்டோம்.

"ஆயரத்தி எரநூறு பை குடுத்தோம் சாந்தா. யாருன்னு கண்டேன்?" என்றார் அவர். அவரே மறுபடி கேட்டார்: "பைக்குள்ள என்னதான் இருக்குது?"

"பாக்குங்க. பொட்டலம் பொட்டலமா" என்றேன்.

"பாக்கா? அப்ப மேட்டுப்பாளையம் நஞ்சப்பன் ஊட்டம்மா பாப்பாயியாத்தான் இருக்கும். தாம்பூலத்துக்குப் பாக்கு அவங்க மண்டியிலதான் எடுத்தோம். கடைகடையா சாம்பிள் குடுக்க அந்தம்மாதான் கோயமுத்தூர் வரும். நம்பர் அனுப்பறேன்."

இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்தார்கள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"ஏனுங்க, பை மாறிப்போச்சுங்க. எங்க தம்பி கல்யாணக் கூறைங்க. இன்னிக்கு இணைச்சீருங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"இப்பத்தானுங்க பிரிச்சேன். கூறைன்னதும் பக்குன்னு ஆயிருச்சு. கீழ கூட வெக்கல, மடியிலயேதான் வெச்சிருக்கறேன். பயப்படாதீங்க."

அத்தை போனருகே குனிந்து, "எந்த ஸ்டாப்புன்னு கேளு" என்றார், அவருக்கே உரிய குரலில்.

பாப்பாயியம்மா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார்.

"அது யாருங்க, மேசைல இருந்தா கடைக்காரனுதுன்னு சொன்னவங்களா?"

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். "ஆமாங்க" என்றேன்.

"இப்ப இது எங்கைல இருக்குதுங்க" என்றார் பாப்பாயியம்மா. இணைப்பு துண்டானது.

மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மணி மூன்று ஐம்பது. யூனுஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்போது போன் அடித்தது.

"துடியலூர் ஸ்டாப்புல எறங்கி நிக்கறேன். நாலரை பஸ்ஸுக்கு நான் போயாகோணும். அதுக்குள்ள வாங்க. அந்தப் பச்சையையும் எடுத்துட்டு வாங்க."

டாக்ஸி பிடித்தோம். கவுண்டம்பாளையத்தில் நெரிசல். அத்தை பச்சைச் சேலைக் கவரை மடியில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"கூறையக் குடுக்கறதுக்கு வெலை பேசுவாளா?"

"நம்ம பேசுலீங்களா அத்தை?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு இருபத்தாறுக்கு இறங்கினோம். பாப்பாயியம்மா மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிழற்குடையில் நின்றார். முதலில் தன் பாக்குப் பையை வாங்கிக்கொண்டார். உடனே கூறையை என் கையில் கொடுத்து, "பிரிச்சுப் பாத்துக்கோங்க" என்றார்.

அரக்கு நிறம், குச்சம், குலதெய்வத்தின் மஞ்சள் கறை எல்லாம் இருந்தன. நான் பச்சைக் கவரை நீட்டினேன். "இதை வெச்சுக்கோங்க. காசு வேண்டாமுங்க."

"சும்மா வாங்கறதுக்கு நான் என்ன பிச்சையா கேட்டேன்?" கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விலைச்சீட்டை நிதானமாகப் படித்தார். மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் தெரிந்தது. "கூறைக்கு யாராச்சும் வெலை பேசுவாங்களா? அது கேட்டப்பவே உங்குளுது. வெலையப் பாக்கறதுக்கு முன்னால பச்சைய நீங்க எடுத்துட்டதுனாலதான் போனை வெச்சேன், கோவத்துல. இந்தப் பச்சைக்கு ஆயரத்தி நானூறு தாரேன்."

அத்தையின் வாய் திறந்தது. முப்பது வருஷமாக எந்தக் கடையிலும் முதலில் சொன்ன விலைக்குச் சம்மதிக்காத வாய்.

"சரிங்க" என்றார்.

சோமனூர் மண்டபத்தில் இறங்கியபோது மணி ஆறு இருபத்தெட்டு. நான் மனசுக்கு ஒப்பாத பழைய சேலையை உடுத்திக்கொண்டு மனையருகே நின்றேன். தம்பி ஒரு தலைப்பைப் பிடித்தான், நான் மறு தலைப்பைப் பிடித்தேன். சீர் நடத்திவைக்கும் அருமைக்காரர் என் கையைப் பார்த்தார்.

"இவ்வளவு இறுக்கிப் புடிக்க வேண்டாம் அம்மணி. சேலை எங்கயும் போயிராது."

கூட்டத்தில் முதல் வரிசையிலிருந்த அத்தை தலையைக் குனிந்துகொண்டார். நான் பிடியைத் தளர்த்தவில்லை.