அரைமுகத்தாரின் வலது கன்னம்

அந்தக் கம்பெனியில் எல்லாரும் கையால் வேலை பார்த்தார்கள், நம் ஆள் மட்டும் முகத்தால் வேலை பார்த்தார். கையும் காலும் அவருக்குச் சும்மா துணைக்குப் போய்வந்தன.

ஆண்களின் தாடிக்கும் மீசைக்கும் சருமத்துக்கும் தாவர எண்ணெய் தயாரிக்கிற கம்பெனி அது. காலையில் போனதும் ஆய்வகத்து நாற்காலியில் சாய்ந்துகொள்வார். எண்ணெய் ஆராய்ச்சி செய்யும் மேடம் வந்து, நெற்றியில் ஆரம்பித்து மூக்கு நுனி வழியாகத் தாடை வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு இடப்பக்கம் எண்ணெய். வலப்பக்கத்துக்கு வெறும் தண்ணீர். எண்ணெய் கண்ட கன்னத்தையும் காணாத கன்னத்தையும் ஒரே ஆளிடம் அருகருகே காட்டினால்தான் வாங்குகிறவன் நம்புவான் என்பது மேடத்தின் கட்சி. அதனால் நம் ஆளுக்கு அரைமுகத்தார் என்று பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் கேஸ்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

இடப்பக்கத்துக்கு நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. ரசாயன உரமே படாமல் வளர்ந்த செடியின் விதை, சூடு காட்டாமல் பிழிந்த எண்ணெய். தாடி மெத்தென்று ஆகப் பாதாம் எண்ணெய், மீசை அடங்கி நிற்க விளக்கெண்ணெய், கத்தி கீறாமல் ஓட ஷேவிங்குக்கு முன்னால் சூரியகாந்தி எண்ணெய், பின்னால் எரிச்சல் தணிய ஜோஜோபா என்கிற பாலைவனச் செடியின் எண்ணெய். கண்ணுக்குக் கீழே இருக்கிற சுருக்கத்துக்கு ரோஜாக்காய் விதையின் எண்ணெய்.

“ரோஜாவுக்கு ஏதுங்க காய்? உங்களை ஏமாத்துறாங்க” என்றாள் அவர் மனைவி.

ஏமாற்றவில்லை. சில மாதத்தில் இடது கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு போய்ச் சட்டைப்பையில் விழுந்தது. வலது கன்னமோ சிமெண்ட் ஆலையில் காலமெல்லாம் தூசி தின்ற கன்னம். அதில் தீக்குச்சியை உரசினால் பற்றிக்கொள்ளும். அந்தப் பக்கத்துத் தாடியில் தேய்த்தால் வீட்டுப் பாத்திரம் பாதி துலங்கிவிடும். பஸ்ஸில் இடப்பக்கம் நிற்கிறவர்கள் “தம்பி, கொஞ்சம் தள்ளிக்கப்பா” என்பார்கள். வலப்பக்கம் இருக்கிறவர்கள் “பெரியவரே, உட்காருங்க” என்று எழுந்துகொள்வார்கள். கால் வலிக்கிற நாளில் எந்தக் கன்னத்தைத் திருப்புவது என்று அவருக்குத் தெரியும்.

சிமெண்ட் ஆலையை இழுத்து மூடிய பிறகு, அந்த வயதில் அவருக்கு யாரும் வேலை தரவில்லை. இந்தக் கம்பெனி தந்தது. அதுவும் அந்த வலது கன்னத்தைப் பார்த்துத்தான் தந்தது. “வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் மொத்தமா வாங்க வர்றாரு. உன் மூஞ்சியப் பார்த்து அவர் ஆர்டர் குடுத்துட்டா, உனக்கு வேலை நிரந்தரம். அதுவரைக்கும் வலது கன்னத்துல ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது” என்று முதலாளி சொல்லியிருந்தார். நம் ஆளும் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிப்போகிற மாதிரி அந்தக் கன்னத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். வழியில் பஜ்ஜிக் கடை வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்.

அவர் மனைவிக்கு மட்டும் மனக்குறை. “நல்ல பக்கத்தைக் கம்பெனிக்காரன் வச்சுக்கிட்டு, இந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பி வைக்கிறான் பாரு” என்பாள்.

வீட்டோடு இருந்த அவள் தம்பி, கல்யாணம் ஆகாத வாயாடி, அத்தானின் வலது கன்னத்தை எட்டிப் பார்த்து, “அக்கா, வீணாக்காத. தேங்காய் துருவலாம்” என்பான்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை மேடம் வீல் என்று கத்தினார்.

வாராவாரம் ஒரு பட்டுத்துணியை இரண்டு கன்னத்திலும் இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். இடப்பக்கம் துணி தண்ணீர் மாதிரி ஓடும். வலப்பக்கம் மாட்டிக்கொண்டு கிழியும். கிழிந்த துணிகளை ஒட்டுப் போட்டே ஆய்வகத்து ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டாகிவிட்டது. அன்றைக்கு வலப்பக்கத்திலும் துணி ஓடியது.

“அண்ணே, என்னத்த தடவினீங்க?”

“சத்தியமா ஒண்ணும் தடவல மேடம்.”

“அப்ப யாரு தடவினா?”

தெரியவில்லை. ஆளாளுக்குச் சந்தேகம். சோப்பை மாற்றினார்கள். தலையணை உறையைக் கொதிக்க வைத்தார்கள். கைக்குட்டையைப் பிழிந்து பார்த்தார்கள். வலது கன்னத்துக்கென்று தனியாக ஒரு காவலாளியைப் போட்டார் முதலாளி. அவரும் கடமையில் கண்ணாக, வேலை முடிகிறவரைக்கும் கன்னத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சாலையில் ஒரு ஈயைக்கூட நிறுத்தி விசாரித்துத்தான் மேலே விட்டார். இருந்தும் கன்னம் நாளுக்கு நாள் இளைஞனாகிக்கொண்டே போனது. பஸ்ஸில் வலப்பக்கத்தாரும் “தம்பி” என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடம் பொறுக்க முடியாமல் ஒரு நாள் சாயங்காலம் பூதக்கண்ணாடியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். “நான் இருக்கிறதா நினைக்காதீங்க. தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க” என்று டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்படி நினைக்காம இருக்குறது? டிவிய மறைக்குறீங்க மேடம்” என்றான் தம்பி.

சோபாவின் இடது முனையில் ஸ்ப்ரிங் உடைந்து குத்தும். அதனால் அங்கே அரைமுகத்தார். அவருக்கு வலப்பக்கத்தில் அவர் மனைவி, தலை நிறைய எண்ணெய் தேய்த்து இழுத்து வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சீரியல் தொடங்கியது. தொடக்கப் பாட்டு முடிவதற்குள் அவள் தலை ஆடியது, சரிந்தது, புருஷன் தோளில் விழுந்து அவர் வலது கன்னத்தில் பொருந்திக்கொண்டது. உடனே குறட்டை. மனிதர் மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு சிலையாக இருந்தார்.

“அதோ!” என்று மேடம் துள்ளி எழுந்ததில் ஸ்டூல் உருண்டது.

அவள் திடுக்கிட்டு விழித்து டிவியைப் பார்த்தாள். “யாரு செத்தா? மாமியாரா?”

“தலைக்கு என்ன எண்ணெய்ம்மா அது?”

“உங்க எண்ணெய்தான். மாசக் கடைசியில மிச்சம் மீதியெல்லாம் ஒண்ணாக் கலந்து வேலையாளுங்களுக்குச் சும்மா குடுக்குறீங்களே, அதேதான். நல்லாத்தான் இருக்கு. சும்மா சொல்லக் கூடாது.”

மேடத்தின் முகம் ஒரே நேரத்தில் பூரித்தது, வெளுத்தது. தன் எண்ணெய் தலைமுடி வழியாகப் போய்க்கூட வேலை செய்கிறதே என்ற பெருமை ஒரு பக்கம். தன் சோதனையைத் தன் கம்பெனியே மாதாமாதம் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துக் கெடுத்திருக்கிறதே என்ற வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம்.

“அக்கா, வெளிநாட்டுக்காரர் வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க இவர் மேல சாயக் கூடாது. இவர் வேலையே அதுலதான் இருக்கு. சாய்ஞ்சே ஆகணும்னா சுவத்துல சாய்ஞ்சுக்குங்க” என்றார் மேடம்.

“சுவத்துக்கு என்னைப் பழக்கமில்லையே” என்றாள் அவள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “சிமெண்டு ஆலையில இருந்து வந்து உட்காருவாரே, அப்பவும் இந்தக் கன்னத்துலதாங்க சாய்வேன். எந்திரிக்கும்போது என் முடியில பாதி அதுலயே மாட்டிக்கிட்டு நிக்கும். சரி, வேலைன்னா வேலைதான். சாயல.”

மறுநாளிலிருந்து சோபாவின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் அவர், நடுவில் காவலுக்குத் தம்பி. சாயாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராததால் முதல் தடவையாக சீரியலை முழுசாகப் பார்த்தாள். அதிர்ந்துபோனாள்.

“ஏங்க, இத்தனை வருஷமா நான் இந்தக் கண்றாவியவா பார்த்துக்கிட்டிருந்தேன்? அந்தப் பச்சைப் புடவை யாரு?”

“எனக்கென்ன தெரியும்?”

“நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“நான் டிவிய எங்க பார்த்தேன்? உன் தலை நழுவிடாம பார்த்துக்கிட்டிருந்தேன்.”

நடுவில் இருந்த தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்குத் தண்ணி குடிக்கணும்” என்று எழுந்து போனான்.

அரைமுகத்தாருக்கும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. பாரம் இல்லாத வலது தோள், எடை இறக்கிய தராசுத் தட்டு மாதிரி மேலே ஏறிக்கொண்டது. நேராக நடந்தால் இடது பக்கமாக வளைந்து, கிளம்பிய வீட்டுக்கே திரும்பி வந்தார். ஆனால் கன்னம் மட்டும் பழைய நிலைக்கு வந்தது. பட்டுத்துணி மறுபடியும் கிழிந்தது. கிழிந்த சத்தம் கேட்டு முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வெளிநாட்டுக்காரர் நாளைக்கு வருகிறார்.

அன்று சாயங்காலம் சீரியலில் ஏதோ விசேஷம் என்று நீட்டி முழக்கினார்கள். சோபாவின் அந்தக் கோடியில் அவள் வாரக்கணக்கில் தூங்காத கண்ணோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இமை இறங்குவதும் தலை சரிவதும் உடனே விறைத்துக்கொள்வதுமாக இருந்தாள். ஒரு தடவை மரக் கைப்பிடியில் நங்கென்று இடித்துக்கொண்டாள். இடித்த இடத்தைத் தடவிவிட்டு, “ஒண்ணுமில்லீங்க” என்று சிரித்தாள்.

அவர் தம்பியைப் பார்த்தார். “மாப்ள, எந்திரி.”

“அத்தான், நாளைக்குத்தான்...”

“எந்திரிடா.”

அவன் எழுந்தான். அவர் நடுவுக்கு நகர்ந்து தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். “வா.”

“வேண்டாங்க. வேலை போயிடும். தலை பூரா எண்ணெய் வேற.”

“போனாப் போகுது. வா.”

அவள் சாய்ந்தாள். அந்தக் குறட்டையில் டிவியில் அழுதுகொண்டிருந்தவர்களே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். சீரியல் முடிந்து, செய்தி முடிந்து, சமையல் குறிப்பும் முடிந்தது. அவர் அசையவில்லை.

மறுநாள் வெளிநாட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் பட்டுத்துணியை இழுத்தார். இரண்டிலும் ஓடியது. கன்னத்தில் தன் முகம் தெரியவே, தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டார். எண்ணெய் போட்ட பக்கம் எது என்று கேட்டார். மேடத்துக்குப் பொய் வராது. “ரெண்டும்தான்” என்றார். வித்தியாசம் தெரிகிறபோது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

முதலாளி குதித்த குதியில் அலமாரியில் இருந்த பாட்டிலெல்லாம் சலங்கை கட்டியது. கொஞ்சம் அடங்கிய பிறகு தணிந்து வந்தார். “இந்தாய்யா, கடைசி சான்ஸ். மறுபடியும் வருவாரு. அதுவரைக்கும் உன் சம்சாரம் உன் மேல சாய மாட்டாங்கன்னு எனக்கு வாக்குக் குடு. வேலை நிரந்தரம், இப்பவே. என்ன சொல்ற?”

அரைமுகத்தார் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“சார், உங்களுக்கு நான் வாடகைக்கு விட்டது இடது பக்கம்தான். வலது பக்கத்துல ரொம்ப நாளா ஆள் குடியிருக்கு. காலி பண்ணச் சொல்ல முடியாது.”

“அப்ப நாளையில இருந்து வராத.”

“சரிங்க சார். ஆள் வேணும்னா என் மச்சான் இருக்கான். மூஞ்சி படுமோசம். சாய ஆளும் இல்ல.”

முகத்தில் போட்ட கோடு அழியாமலே வெளியே வந்தார். மேடம் கேட் வரைக்கும் மூச்சிரைக்க ஓடி வந்தார். “அண்ணே, நில்லுங்க. டிரம் உருட்டுற இடத்துல ஆள் கேட்டாங்க. சம்பளம் கம்மிதான். அங்க மூஞ்சிய யாரும் பார்க்க மாட்டாங்க. நான் சொல்லி வைக்கிறேன்.” கையில் இருந்த பாட்டிலை அவரிடம் நீட்டினார். “இதை அக்காகிட்ட குடுங்க. மிச்சம் மீதி இல்ல, நல்ல எண்ணெய். தலைக்கு.”

அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. வாசனை கொஞ்சம் கம்மியா ஒண்ணு இருந்தா குடுங்களேன். இதுக்குத் தும்மல் வரும். தும்மினா அவ முழிச்சுக்குவா.”