இறக்கிவிடும் வீடு

அந்த ஊரில் ஏழு ஆண்டுக்கொருமுறை குடிக்கணக்கு எடுக்கும் நாளில், பெயர் வாசிக்கப்பட்ட ஒவ்வொருவரும் தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே எழும்புவார்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செருப்பை வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போ என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள், அவ்வளவுதான். கழன்று விழுந்தால் எது யாருடையது என்று பிறகு சண்டை வரும்.

ஊரின் அமைப்பே வேதத்தைப் பார்த்துப் போட்டதுதான். பாலைவனத்தில் இஸ்ரவேலரின் பன்னிரண்டு கோத்திரங்களும் கர்த்தரின் கூடாரத்தைச் சுற்றித் திசைக்கு மூன்றாகக் கொடி நட்டுத் தங்கியதுபோல, இங்கும் ஜெபக்கூடத்தைச் சுற்றித் திசைக்கு மூன்று தெரு, தெருவுக்கொரு கொடி. வேதத்தில் போருக்குப் போகும் ஆண்களைத்தான் எண்ணினார்கள். ஊரில் போர் கிடையாது என்பதால் கைக்குழந்தை வரை எண்ணினார்கள். ஆனால் கூடாரத்தைச் சுமந்த லேவி கோத்திரத்தை மற்றவர்களோடு சேர்த்து எண்ணாதே என்ற கட்டளையை மட்டும் கறாராகப் பிடித்துக்கொண்டார்கள். லேவியை நீக்கினால் பதினொன்றுதானே என்று யாரும் கேட்கவேண்டாம். ஒரு சகோதரனின் பங்கை இரண்டாக்கிப் பன்னிரண்டை நிரப்பிக்கொள்ளும் வழியும் வேதத்திலேயே இருக்கிறது.

இந்த ஊரில் லேவி என்று ஒதுக்கப்பட்டது ஒரே வீடு. ஜெபக்கூடத்துச் சுவரை ஒட்டிய சந்தில், கூடத்தின் திரைகளைத் துவைத்துத் தைக்கும் வீடு. அப்பா போன பிறகு அங்கே இருந்தது மகள் ஒருத்திதான்; திரைக்காரி என்பார்கள். கணக்கு முடிந்ததும் மேலே நிற்பவர்களின் தோளை அழுத்தித் தரையில் இறக்கிவிடுவது அந்த வீட்டு வேலை. மொத்தம் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு தோள். மெதுவாக அழுத்து, இடுப்பு பிடித்திருக்கிறது என்பார்களே தவிர, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று ஒருவர் சொன்னதில்லை. மூன்று நாள் அவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கும்.

கணக்கெடுத்தவர் கிழக்கே இரண்டாம் தெருவின் எழுத்தர். கோடு போடாமல் கடிதம்கூட எழுதாத மனிதர். அப்படிப்பட்டவர் சென்ற கணக்கின்போது திரைக்காரி தோளை அழுத்திய அழுத்தில் காதலில் கவிழ்ந்தவர்தான், ஏழு ஆண்டாக எழுந்திருக்கவில்லை. அவருடைய அம்மாவோ கல்யாணத்துக்கு அசையவில்லை.

"கணக்குலயே இல்லாத வீட்டுப் பொண்ணுடா அது. நாளைக்குப் பொறக்கிற பிள்ளைய எந்தத் தெருவுல எழுதுவே? சந்துலயா?"

இதை எழுத்தர் திரைக்காரியிடம் அப்படியே போய்ச் சொன்னார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துவைத்துக்கொண்டிருந்த திரையை ஓங்கி அடித்தாள்.

"அப்ப என் பேரையும் ஒரு தடவ கூப்பிடுங்களேன். கையெல்லாம் ஓய்ஞ்சு போறேன், ஒரு பேருக்குக்கூடவா நான் ஆகமாட்டேன்?"

அடுத்த கணக்கில் எழுத்தர் கடைசியாகத் தன் தெருவை வாசித்தார். அம்மா எழும்பினாள், அவரும் எழும்பினார். அடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே தெருவில் திரைக்காரியின் பெயரையும் வாசித்தார். சந்தில் ஈரத்திரையோடு நின்றிருந்த திரைக்காரி நான்கு விரற்கடை எழும்பி, வாய்விட்டுச் சிரித்தாள். ஏட்டில் பெயர் ஏறிவிட்டதால் அம்மாவுக்குச் சொல்ல வேறு காரணம் அகப்படவில்லை. "சரி சரி மருமகளே, வந்து என்னை இறக்கிவிடு, அடுப்புல பால் இருக்கு" என்றாள். மருமகள் வந்து அழுத்தினாள். மாமியார் இறங்கவில்லை, மருமகள்தான் இன்னும் ஒரு விரற்கடை மேலே போனாள்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. தரையில் கால் ஊன்றி நிற்க ஊரில் ஒருவர்கூட மிச்சமில்லை. வெளியூர்ப் பால்காரரை அழைத்து அழுத்திப் பார்த்தார்கள். அவர் பெயர் அவர் ஊர் ஏட்டில் இருந்ததால் பலிக்கவில்லை. தையற்காரரின் கால் மிதிக்கட்டைக்கு எட்டவில்லை. குழி தோண்டப் போனவர்கள் மண்வெட்டியோடு சுழன்றார்கள். செருப்புக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு எல்லாரையும் திட்டினார். மூன்றாம் நாள் காற்றடித்ததில் வடக்குத் தெருக்காரர்கள் தெற்குத் தெருவுக்கு ஒதுங்கினார்கள். யார் எந்தக் கொடி என்பதே குழம்பி, மாறிப்போன வீடுகளில் சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அங்கே சமையல் நன்றாக இருப்பதாகச் சிலர் சொன்னதில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தின.

ஒன்பதாம் நாள் ஊர்ச்சபை கூடியது. கூடாரத்தைச் சுமக்க ஆள் வேண்டும் என்றுதான் லேவியை எண்ணாமல் விட்டார்கள், மட்டம் என்றல்ல என்று சபைத்தலைவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்த கையோடு, திரைக்காரியின் பெயரை அடித்துவிடச் சொல்லி எழுத்தரிடம் பேனாவைக் கொடுத்தார். அவள் தன் வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தர் அளவுகோலை எடுத்தார். ஏட்டில் ஒரு பெயரின் மேல் நேர்கோடு போட்டார். போட்ட மறுகணம் தொப்பென்று தரையில் விழுந்தது அவரேதான்.

"அடப்பாவி, பரம்பரைத் தெருவ விட்டுட்டியேடா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"முதல்ல தோளக் காட்டும்மா, பால் என்ன கதியாச்சுன்னு பாப்போம்" என்றார் எழுத்தர்.

ஒருவர் கூடி ஒருவர் குறைந்ததால் மொத்தம் அதே மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. கூட்டுத்தொகை சரியாக இருந்ததால் சபை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் திருமணம். பிறகு பிறந்த பிள்ளைகள் இருவரும் தாய் வழியில் கிழக்கே இரண்டாம் தெருவில் எழுதப்பட்டார்கள். பாட்டியானவள் கூடவே நின்று எழுத்துப்பிழை பார்த்தாள்.

இப்போதெல்லாம் கணக்கு நாளில் எழுத்தர் சந்திலிருந்து மணிக்கட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்புகிறார். ஊர் முழுவதையும் இறக்கிவிட்டுக் கடைசியாக மனைவியிடம் வருகிறார். அவள் தோளைக் காட்டுவதில்லை. "இருங்க, இன்னும் கொஞ்ச நேரம்" என்கிறாள். அவரும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.